எட்டு பர்லாங்கு நடை, ஒரு பர்லாங்கு நீச்சல்

சிதம்பரத்திலிருந்து புவனகிரி போகிற ரோட்டில், கீரப்பாளையம் பக்கம் காலையில் நடக்கிறவர்களுக்கு ஓரத்துக் குட்டைக் கற்களைத் தெரிந்திருக்கும். 200 மீட்டருக்கு ஒன்றாக நட்ட கல். மீட்டர் கணக்கு வந்து அறுபது வருஷம் தாண்டிவிட்டது, ஊர்ப் பெரியவர்கள் வாயில் அது இன்னும் பர்லாங்குக் கல்தான். தப்பொன்றும் இல்லை. பழைய பர்லாங்கு 201 மீட்டர். கல் புதைந்தோ பெயர்ந்தோ போன இடத்தில் பைக் மீட்டரை வைத்து அளந்துகொள்ளுங்கள்.

கடலுக்குள் இறங்குவதைச் சொல்லும் புத்தகத்தில் ரோட்டுக் கல்லுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஸ்கூபா பயிற்சிக்குப் போனால் முதல் நாள் உங்கள் கையில் கொடுப்பது சிலிண்டரை அல்ல, ஒரு மருத்துவப் படிவத்தை. பெரும்பாலான பயிற்சி அமைப்புகள் பயன்படுத்தும் அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி வரும்: 1.6 கிலோமீட்டரை 14 நிமிஷத்தில் நடப்பதோ, 200 மீட்டரை நிற்காமல் நீந்துவதோ உங்களுக்குச் சிரமமா? நம் கணக்கில் எட்டு பர்லாங்கு நடை, ஒரு பர்லாங்கு நீச்சல். ‘ஆம்’ என்று எழுதினால் டாக்டர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். ‘இல்லை’ என்று பொய் எழுதினால் இறக்கிவிடுவார்கள். அந்தப் பொய் தெரிந்த ஒரே ஆள் அறுபது அடி ஆழத்தில் நீங்களாக இருப்பீர்கள்.

ஆகவே மேற்கொண்டு படிப்பதற்கு முன் நாளைக் காலை எட்டுக் கல் நடந்து பாருங்கள். கையில் போன் வேண்டாம், ஒரு கடிகாரம் போதும். 14 நிமிஷத்தில் எட்டுக் கல் என்றால் மணிக்கு ஏழு கிலோமீட்டர் வேகம். டீக்கடைக்குப் போகிற நடையில் அது வராது, பஸ்ஸைப் பிடிக்கப் போகிற நடை வேண்டும். முடித்த பிறகு பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிந்தால் நல்லது. முடியாமல் இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றால் இந்த அத்தியாயம் உங்களுக்காகவே எழுதியது.

இது உடற்பயிற்சியா?

டைவிங் போனால் உடம்பு இளைக்குமா என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. உடல் உழைப்பை அளக்கும் பட்டியல்களில் ஸ்கூபாவுக்கு 7 மெட் என்று போட்டிருக்கிறது. சும்மா உட்கார்ந்திருப்பது 1 என்றால் அதைப்போல் ஏழு மடங்கு. பார்த்தால் பெரிய எண்தான். ஆனால் பழகிய ஆள் ஒருவர் அமைதியான கடலில் பவளப்பாறை பார்த்துக்கொண்டு மிதக்கும்போது அதில் பாதிகூடச் செலவழிக்க மாட்டார். தண்ணீருக்குள் உங்களுக்கு எடையே கிடையாது. நல்ல டைவர் எவ்வளவுக்கு எவ்வளவு சோம்பேறியாகத் தெரிகிறாரோ அவ்வளவுக்கு அவ்வளவு தேர்ந்தவர். தொப்பை குறைக்க வேண்டுமென்றால் அந்தப் பணத்துக்கு ஒரு சைக்கிள் வாங்குங்கள்.

உழைப்பெல்லாம் தண்ணீருக்கு மேலேதான். வழக்கமான அலுமினிய சிலிண்டர் நிரப்பிய நிலையில் 17 கிலோ. அதில் காற்றின் எடையே இரண்டரைக் கிலோவுக்கு மேல். முதுகுச் சட்டை, ரெகுலேட்டர், இடுப்பு ஈயம் எல்லாம் சேர்ந்தால் ஒரு அரிசிச் சிப்பம், 25 கிலோ. அதை முதுகில் மாட்டிக்கொண்டு, ஆடுகிற படகில் பலகையிலிருந்து எழுந்து நிற்க வேண்டும். முடிந்தபின் ஈரத்தோடு ஏணி ஏற வேண்டும். நடுவில் நீரோட்டம் மாறினால் பத்து நிமிஷம் விடாமல் காலடித்துப் படகை எட்ட வேண்டும். உங்கள் உடல் தகுதி தேவைப்படுவது அந்தப் பத்து நிமிஷத்துக்கு. ஐம்பது முறை இறங்கினால் நாற்பத்தொன்பது முறை அது வராமலே போகலாம். ஐம்பதாவது முறைக்காகத்தான் தினம் எட்டுக் கல்.

உழைப்பிலேயே இந்த உடம்பைச் சம்பாதித்தவர்கள் நம் கரையில் உண்டு. தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர்கள், அவர்களுக்கு முன்பு கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கி முத்துக் குளித்தவர்கள். பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் சேலைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு, கண்ணாடி மாட்டி, காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு முங்குகிறார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015ஆம் ஆண்டு சீகாலஜி விருது கிடைத்தது. அவர்களுக்கு நடைப்பயிற்சி அட்டவணை யாரும் எழுதித்தர வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் உங்களுக்கும் எனக்கும்தான் வேண்டும்.

சிலிண்டர்க் கணக்கு

இந்தப் பகுதியைப் பேனாவோடு படியுங்கள். உடல் தகுதி என்றால் என்ன என்பதை டைவிங்கில், சிலிண்டரின் மிச்சக் காற்றை அளக்கும் கேஜ் முள் காட்டிக் கொடுத்துவிடும்.

வழக்கமான சிலிண்டரின் உள்ளளவு 11.1 லிட்டர். அதில் 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்துக் கொடுப்பார்கள். 50 பார் மிச்சம் இருக்கும்போது மேலே வந்திருக்க வேண்டும் என்பது எங்கும் உள்ள விதி. ஆக உங்கள் கைச்செலவுக்கு 150 பார். அதை 11.1-ஆல் பெருக்கினால் 1,665 லிட்டர் காற்று.

தரையில் நிதானமான டைவர் ஒருவர் நிமிஷத்துக்கு 15 லிட்டர் மூச்சு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதற்றமும் தொப்பையுமாக வந்த புது ஆள் 25 லிட்டர். தண்ணீருக்குள் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. பத்து மீட்டரில் இரண்டு மடங்கு. அதாவது ஒவ்வொரு மூச்சிலும் இரண்டு மூச்சுக் காற்று செலவாகிறது. முதல் ஆளுக்கு நிமிஷத்துக்கு 30 லிட்டர் போய், 55 நிமிஷம் வரும். இரண்டாமவருக்கு 50 லிட்டர், 33 நிமிஷத்தில் முடிந்துவிடும். 18 மீட்டரில், அதாவது முதல் சான்றிதழ் வாங்கியவர் இறங்கலாம் என்கிற எல்லையில், அழுத்தம் 2.8 மடங்கு. முதல் ஆளுக்கு 39 நிமிஷம். இரண்டாமவருக்கு 23. அந்த 23 நிமிஷத்துக்குள்தான் இறங்குவதும் ஏறுவதும், ஏறும் வழியில் பாதுகாப்புக்காக ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நிற்பதும்.

இரண்டாமவர் யாரென்று ஊகித்திருப்பீர்கள். என் முதல் இறக்கத்தில் என்னோடு நாலு பேர். எனக்குத்தான் வயது அதிகம், ஆனாலும் ஆற்றில் நீந்தி வளர்ந்தவன் என்ற கெத்து. இறங்கிய இடத்தில் மீன் கூட்டம் ஒன்றைத் துரத்திக்கொண்டு போனேன். கையையும் போட்டேன், காலையும் போட்டேன். பயிற்சியாளர் வந்து என் இரண்டு கையையும் பிடித்து மார்புக்குக் குறுக்கே கட்டிவைத்துவிட்டுப் போனார். இரண்டு நிமிஷம் சும்மா இருந்தேன், மறுபடி அவிழ்த்துக்கொண்டேன். கேஜைப் பார்த்தபோது முள் 60-ல். மற்றவர்களுக்கு 110, 120. என் ஒருவனால் ஐந்து பேரும் ஏற வேண்டியதாயிற்று. படகில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

தண்ணீர் காற்றைவிட எண்ணூறு மடங்கு அடர்த்தி. அதில் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. செலவாகும் சக்தி எட்டு மடங்கு. நான் மீனைத் துரத்தியது இந்தக் கணக்குத் தெரியாமல். மீனுக்கும் தெரியாது, ஆனால் அதன் உடம்புக்குத் தெரியும்.

எட்டுக் கல் நடையும் கேஜ் முள்ளும் சந்திக்கிற இடம் இதுதான். இதயமும் காலும் பழகிய ஆளுக்கு அதே வேலையைச் செய்யக் குறைந்த மூச்சு போதும், மூச்சு கூடினாலும் சீக்கிரம் தணிந்துவிடும். பழகாத ஆள் வேகவேகமாக மேல்மூச்சு வாங்குவார், கரியமில வாயு உள்ளே தேங்கும், தேங்கினால் காற்றுப் போதவில்லை என்ற திகில் வரும், திகிலில் இன்னும் வேகமாக மூச்சு. சிலிண்டரில் காற்று இருக்கும், இவருக்கு மட்டும் இல்லாத மாதிரி இருக்கும். அப்போது செய்ய வேண்டியதைக் கரையிலேயே மனப்பாடம் செய்யுங்கள்: காலை நிறுத்து, எதையாவது பிடி, மூச்சை நீளமாக வெளியே விடு. உள்ளே இழுப்பதை உடம்பு பார்த்துக்கொள்ளும்.

முங்கு நீச்சல்காரர்களுக்கு

எங்கள் தெருப் பையன் ஒருவன் குளத்தங்கரையில் என்னை மடக்கினான்.

“அண்ணே, நான் ஒரே முங்குல அக்கரைக்குப் போயிடுவேன். எனக்கு எதுக்குண்ணே நடை கிடையெல்லாம்?”

“போயிடுவ தம்பி. அதான் எனக்குப் பயம்.”

அவனுக்குச் சிரிப்பு. எனக்கு உண்மையிலேயே பயம். முங்கு நீச்சலின் திறமை மூச்சை அடக்குவது. ஸ்கூபாவில் செய்யவே கூடாத காரியம் மூச்சை அடக்குவது. பத்து மீட்டரில் சிலிண்டர்க் காற்றால் நிரப்பிய நுரையீரலை அடைத்துக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் பலூன் இல்லை. நாலைந்து அடி ஆழம்கூடக் கிழிப்பதற்குப் போதும். வெறும் மூச்சோடு முங்குகிறவனுக்கு இந்த ஆபத்து இல்லை, மேலேயிருந்து கொண்டுபோன காற்றுதான் பழைய அளவுக்குத் திரும்புகிறது. அதனால்தான் நல்ல முங்கு நீச்சல்காரனைத் திருத்துவது, நீச்சல் சுமாராகத் தெரிந்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கடினம். நம் ஊரில் ‘டைவ் அடிக்கிறது’ என்றாலே தலைகீழாகக் கிணற்றில் குதிப்பது. அந்தச் சொல்லையும் சேர்த்து மறக்க வேண்டியிருக்கிறது.

இதையே யோகா செய்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். பிராணாயாமம் நல்ல அடித்தளம், சந்தேகமில்லை. ஆனால் பூரகமும் ரேசகமும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மூச்சை அடக்கும் கும்பகத்தைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். நடக்கும்போதே பழகலாம்: மூன்று அடிக்கு இழுங்கள், ஐந்து அடிக்கு விடுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். முதலில் மெதுநடையில், பிறகு வேகநடையில். வேகநடையில் மூன்றுக்கு ஐந்து கலையாமல் வந்தால் தண்ணீருக்குள் உங்கள் 25 லிட்டர் இறங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

குளத்தில் போட்டிக்கு வேகவேகமாக மூச்சிழுத்து விட்டுப் பிறகு முங்கும் பழக்கம் இருக்கிறதே, அதை இன்றோடு நிறுத்துங்கள். அப்படிச் செய்தால் மூச்சு முட்டும் எச்சரிக்கை வராமலே தண்ணீருக்கடியில் நினைவு தப்பிவிடும். நீந்தத் தெரிந்த பையன்கள் நீந்தத் தெரிந்த குளத்திலேயே போய்விடுவதற்கு இது ஒரு காரணம்.

எங்கே நீந்துவது

ஸ்கூபா பயிற்சியில் 200 மீட்டர் நீச்சலுக்கு நேரக் கெடு கிடையாது, எந்த நீச்சலும் நீந்தலாம். அதோடு பத்து நிமிஷம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். நம் வயல்கட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டாவது சுலபம், முதலாவதில்தான் மூச்சு வாங்கும். காரணம், நாம் கற்றது தலையைத் தூக்கிக்கொண்டு கையால் அள்ளி முழங்காலால் உதைக்கிற நீச்சல். அதில் அரைப் பர்லாங்கு போவதற்குள் கழுத்து கழன்றுவிடும்.

இடத்தைப் பற்றி நான் கறாராகச் சொல்கிறேன். கொள்ளிடமும் பழைய கொள்ளிடமும் அவற்றை ஒட்டிய வாய்க்கால்களும் வேண்டவே வேண்டாம். முதலை இருக்கிறது. ஊருக்குள் வந்த முதலைகளை வனத்துறை பிடித்துக்கொண்டு போய் விடுகிற வக்காரமாரி ஏரி சிதம்பரத்துக்குப் பக்கத்தில்தான். வீராணம் சென்னை வரைக்கும் குடிக்கப் போகிற தண்ணீர், மதகுப் பக்கம் இழுப்பும் உண்டு, அங்கும் வேண்டாம். வெள்ளாற்றில் மணல் அள்ளிய பள்ளம் எங்கே என்று போன வருஷம் தெரிந்தவனுக்கும் இந்த வருஷம் தெரியாது. சாமியார்பேட்டைக் கடலில் கால் நனைக்கலாம், அலை பின்னிழுக்கும் இடத்தில் தனியாக நீச்சல் பயில்வது முட்டாள்தனம்.

மிச்சம் இரண்டு. கடலூர் அண்ணா விளையாட்டரங்கத்தில் நீச்சல் குளம் இருக்கிறது. வாரம் ஒருமுறை பஸ் செலவு கட்டுப்படியானால் அதுதான் சிறந்தது, தரை தெரியும், கண்காணிக்க ஆள் உண்டு. இல்லையென்றால் ஊர்க் குளம், படித்துறை உள்ளதாக, அடி எவ்வளவு என்று தெரிந்ததாக. கரையில் நீந்தத் தெரிந்த இன்னொருவர் நிற்க வேண்டும், கையில் கயிறு கட்டிய காலிக் கேனோடு. ஒரு கயிற்றை அகலத்துக்குப் போட்டு அளந்துகொள்ளுங்கள். 25 மீட்டர் வந்தால் நாலு முறை போய்வந்தால் ஒரு பர்லாங்கு. மழை பெய்து தெருத் தண்ணீர் இறங்கிய வாரத்தில் குளத்தில் இறங்காதீர்கள். காதில் சீழ் வைத்தால் ஒரு மாதம் டைவிங்கை மறந்துவிட வேண்டியதுதான்.

காலுக்கு ஒரு பயிற்சி. சிறு வயதில் வாழை மரத்தை வெட்டிப் போட்டு மிதந்து பழகியிருப்பீர்கள். அதே வாழைத் துண்டு, இரண்டடி நீளம். அதை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அடித்துப் போங்கள். தண்ணீர் மேலே தெறித்துக்கொண்டே இருந்தால் முழங்காலால் உதைக்கிறீர்கள் என்று அர்த்தம். தொடையிலிருந்து, சாட்டை போல, மெதுவாக வர வேண்டும். தெறிப்பு நின்று தண்ணீர் பின்னால் உருளத் தொடங்கினால் சரி. ஃபின் என்கிற கால் துடுப்பை மாட்டிய பிறகு இந்தக் கால்தான் உங்களைக் கொண்டுபோகும், கைக்கு அங்கே வேலை இல்லை. முதல் நாள் ஐந்து நிமிஷத்தில் கெண்டைக்கால் குரக்கு பிடித்துக்கொள்ளும். பிடித்தால் மிதந்துகொண்டே கால் விரல்களை முகத்தை நோக்கி இழுங்கள். கடலில் ஃபின் நுனியைப் பிடித்து இழுப்பதும் இதேதான்.

தோளுக்கும் முதுகுக்கும் ஜிம் வேண்டாம். வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் தண்ணீர்க் கேன் சிலிண்டரைவிட மூன்று கிலோ அதிகம். அதை முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கித் தூக்கப் பழகுங்கள். பிறகு பிள்ளைகளின் பழைய ஸ்கூல் பையில் இரண்டு லிட்டர் பாட்டில்கள் நாலு போட்டு மாட்டிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்திருங்கள், பத்துத் தடவை. இரண்டு வாரத்துக்கு ஒரு பாட்டில் கூட்டலாம். வீட்டில் சிரிப்பார்கள்.

தை முதல் பங்குனி வரை

நம் பக்கத்து வானிலைக்குப் பன்னிரண்டு வாரத் திட்டம் என்றால் தையில் தொடங்குவதே முறை. ஐப்பசி, கார்த்திகையில் குளமும் கலங்கல், கடலும் கலங்கல், நடக்கிற வரப்பும் வழுக்கல். பொங்கல் முடிந்த பிறகு தரை காய்ந்திருக்கும், குளத்தில் தண்ணீர் நிற்கும். சித்திரை வந்தால் அதுவும் வற்றிவிடும்.

தை மாதம் முழுக்க நடை மட்டும் போதும், வாரத்துக்கு ஐந்து நாள், எட்டுக் கல். 20 நிமிஷம் ஆகிற ஆள் 14-க்கு வர நாலு வாரம் பிடிக்கும், அவசரப்படாதீர்கள். அறுவடை நேரத்தில் வயல் வேலைக்குப் போகிறவர்கள் அந்த நாளைப் பயிற்சி நாளாகவே எழுதிக்கொள்ளலாம், நெல் மூட்டை தூக்கியவருக்கு மேற்படி ஸ்கூல் பை தேவையில்லை. மாசியில் நடையை மூன்று நாளாக்கி, இரண்டு நாள் தண்ணீரில் இறங்குங்கள். பாதி வழியில் மாசி மகம் வரும். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பூவராகர் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக்கு வருவார். கடலுக்கடியில் போய்ப் பூமியையே தூக்கிக்கொண்டு வந்தவர் அவர், நம் தொழிலுக்கு அவரை விட்டால் வேறு யார்? அந்த வாரத்துக்குள் நிற்காமல் நூறு மீட்டர் வந்திருக்க வேண்டும். பங்குனியில் ஒரு பர்லாங்கு, அதோடு பத்து நிமிஷ மிதப்பு, அதோடு வாழைத் துண்டுக் கால் பயிற்சி கால் மணி நேரம். கடைசி வாரம் ஓய்வாக இருங்கள்.

பயிற்சி மையம் நமக்குப் பக்கத்தில் இருப்பது புதுச்சேரியில். சிதம்பரத்தில் பஸ் ஏறினால் கடலூர் வழியாக இரண்டு மணி நேரப் பயணம். பவளப்பாறையே பார்க்க வேண்டும் என்றால் மன்னார் வளைகுடாப் பக்கம் போக வேண்டும்.

டாக்டரிடம்

நீரில் மூழ்கியதும் கால், வயிற்றில் இருக்கும் ரத்தம் அரை லிட்டர் அளவுக்கு மார்புக்கு ஏறுகிறது. இதயத்துக்கு அது திடீர்ச் சுமை. இளம் இதயம் கண்டுகொள்ளாது. ரத்தக் கொதிப்பு இருந்து தெரியாமலே திரிகிற நாற்பத்தெட்டு வயது இதயம் கண்டுகொள்ளும். டைவிங்கில் நடக்கும் சாவுகளில் கணிசமானவை இதயத்தால் வந்தவை என்பதால்தான் படிவத்தில் 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனிக் கேள்விகள் இருக்கின்றன. சிகரெட், கொழுப்பு, குடும்பத்தில் மாரடைப்பு எல்லாம் கேட்பார்கள்.

பிரஷரும் சுகரும் பார்க்கப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்ப்பார்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிற ஊழியரிடமும் பார்த்துக்கொள்ளலாம். மாத்திரை சாப்பிட்டுக் கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் அனுமதி கிடைக்கும், ஆனால் டாக்டரிடம் ‘மூச்சுக் கருவியோடு கடலுக்குள் 18 மீட்டர் இறங்கப் போகிறேன்’ என்று முழுசாகச் சொல்லுங்கள். ‘நீச்சல் கத்துக்கப் போறேன் சார்’ என்று சொல்லிக் கையெழுத்து வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்துமா, வலிப்பு, காது ஜவ்வில் ஓட்டை, நெஞ்சு ஆபரேஷன் இருந்தால் டைவிங் மருத்துவம் தெரிந்தவர் சொன்னால் ஒழிய இறங்காதீர்கள். கர்ப்பிணிகள் இறங்கவே கூடாது.

ஜலதோஷத்தைச் சின்ன விஷயமாக நினைப்போம். மூக்கு அடைத்திருந்தால் மூக்கைப் பிடித்து ஊதிக் காதைச் சமன் செய்ய முடியாது, மூன்று மீட்டரிலேயே காதில் ஊசி குத்தும். வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்குவது வீரமில்லை, ஜவ்வு கிழியும். மூக்கு மருந்து போட்டுச் சமாளித்து இறங்கினால் கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் தீர்ந்து ஏறும்போது அடைத்துக்கொள்ளும். அது இன்னும் மோசம். பணம் போனாலும் போகட்டும் என்று திரும்பி வாருங்கள்.

முதல் நாளும் மறுநாளும்

முந்தின இரவு மது வேண்டாம். புதுச்சேரி என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காலையில் மூன்று இட்லி, காரமில்லாமல், இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு. தண்ணீர் நிறையக் குடியுங்கள். மூழ்கியதும் மார்புக்கு ஏறுகிற ரத்தத்தைப் பார்த்து உடம்பு தண்ணீர் மிஞ்சிவிட்டது என்று ஏமாந்து சிறுநீராக இறக்கும். அதற்குப் பயந்து குடிக்காமல் போகிறவர்கள்தான் வெயிலில் சுருண்டு விழுகிறார்கள்.

ஏணியில் ஏறும் முன் ஈயப் பெல்ட்டையும் ஃபின்னையும் கழற்றிப் படகுக்காரர் கையில் கொடுத்துவிடுங்கள். மேலே வந்தபின் அன்று முழுக்கக் கடின வேலை, ஓட்டம், எடை தூக்குதல் கூடாது. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேறிக்கொண்டிருக்கும், உடம்பைக் குலுக்கினால் அது குமிழியாகலாம். விமானம் ஏறுவதற்கு ஒரு முறை இறங்கியிருந்தால் 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். மலைக்கும் இதே கணக்குதான். ராமேஸ்வரத்தில் காலையில் கடலுக்குள் இறங்கிவிட்டுச் சாயங்காலமே வேன் பிடித்துக் கொடைக்கானல் ஏறுகிற சுற்றுலாத் திட்டங்கள் உண்டு. கொடைக்கானல் 2,100 மீட்டர், விமானத்துக்குள் இருக்கிற அழுத்தத்துக்குக் கிட்டத்தட்ட சமம். வரிசையை மாற்றிப் போடச் சொல்லுங்கள், மலை முதலில், கடல் பிறகு. கீரப்பாளையத்துக்குத் திரும்புகிறவருக்கு இந்தக் கவலை இல்லை, நம் ஊரில் மேடு என்றால் ரயில்வே பாலம்தான்.

மூட்டுவலி, மரமரப்பு, தோலில் புள்ளி, தலைசுற்றல் இதில் எது வந்தாலும் படுத்துத் தூங்கிப் பார்க்காதீர்கள். பயிற்சியாளருக்கு உடனே போன் செய்யுங்கள். அழுத்த அறைச் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்பதை இறங்குவதற்கு முன்பே அவரிடம் கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு நோட்டு. ஒவ்வொரு இறக்கத்துக்கும் நாலே எண்: தொடங்கிய பார், முடித்த பார், சராசரி ஆழம், நிமிஷம். செலவான பாரை 11.1-ஆல் பெருக்கி, நிமிஷத்தால் வகுத்து, அந்த ஆழத்தின் அழுத்தத்தால் இன்னொரு முறை வகுங்கள். 130 பார் செலவு, 35 நிமிஷம், சராசரி பத்து மீட்டர் என்றால் 1,443 லிட்டர், நிமிஷத்துக்கு 41, இரண்டால் வகுத்தால் இருபதரை. அந்த இருபதரையைச் சிவப்பு மையில் எழுதுங்கள். என் நோட்டில் முதல் எண் 31. மூன்றாம் வருஷம் 17. நடுவில் ஒரு மழைக்காலம் முழுக்க நடக்காமல் இருந்துவிட்டுப் போனபோது 22. மறுநாள் காலை ஐந்தரைக்குக் கிளம்பிக் கல்லை எண்ணப் போய்விட்டேன்.